ஒரே லேப்டாப்பில் இரண்டு டிரைவ், இரண்டு சிஸ்டம்: ஒன்றை ஒன்று தொடாமல் பூட் ஆக வைக்க முழு வழிகாட்டி

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்கு டேலியும் ஜிஎஸ்டி வேலையும் விண்டோஸில் ஓட வேண்டும். அதே வீட்டிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒரு லேப்டாப். ஒரே டிரைவைப் பங்கு பிரித்து இரண்டையும் போடுவது பழைய வழி. தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களிலேயே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. அது ஓடும். ஆனால் ஒன்றைத் திரும்பப் போடப் போய் இன்னொன்று பூட் ஆகாமல் நிற்கும் தொல்லையும் அதோடு சேர்ந்தே வரும். இரண்டாவது டிரைவ் போட இடமுள்ள லேப்டாப்பாக இருந்தால் ஆளுக்கு ஒரு டிரைவ் கொடுத்துவிடுவதே நல்லது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸை இரண்டாவது டிரைவில் போட்டுவிட்டோம், இனி இரண்டும் தனித்தனி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் விண்டோஸ் டிரைவ் பழுதாகி அதைக் கழற்றுவார்கள். லினக்ஸும் கூடவே நின்றுவிடும். லேப்டாப்பை ஆன் செய்ததும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருந்து முதலில் ஓடும் மென்பொருள்) தேடுவது விண்டோஸையோ, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவையோ அல்ல, இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன இடத்தை. ஃபேட்32 வடிவில் இருக்கும் அந்த இடத்தை விண்டோஸ் வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாக்கும். ஒவ்வொரு சிஸ்டமும் தன்னைத் தொடங்கி வைக்கும் ஃபைலை அதில்தான் வைக்கிறது. இன்ஸ்டால் செய்யும்போது முதல் டிரைவில் அப்படி ஒரு பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தால், இன்ஸ்டாலர் பெரும்பாலும் தன் பூட் ஃபைலையும் அதிலேயே போட்டுவிடும். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் பூட் லோடருக்கு (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்) இரண்டாவது டிரைவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் அது போய் உட்காருவது முதல் டிரைவில்தான். விண்டோஸ் இன்ஸ்டாலரும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல.

ஆகவே ஒரே விதி: எந்த சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்தாலும் அந்த நேரத்தில் லேப்டாப்புக்குள் அதன் டிரைவ் மட்டுமே இருக்க வேண்டும். இன்னொன்று வெளியே, மேஜையில். அரை மணி நேரம் ஸ்க்ரூ கழற்றும் வேலைதான், ஆனால் பின்னால் வரும் பாதித் தலைவலி இதிலேயே ஒழிந்துவிடும்.

இடம் இருக்கிறதா என்று பார்ப்பது

கடைக்குப் போய் எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைக்கும். மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஒரு ஸ்லாட் உள்ள வகையும் இரண்டு ஸ்லாட் உள்ள வகையும் வரும். சந்தேகமாக இருந்தால் அடிமூடியைத் திறந்து கண்ணால் பார்த்துவிடுவதே சரி.

எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டி சொருகும் இடம்) என்றால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது நீளம். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், 2242, 2230 ஆகியவை நீளத்தில் குட்டை. ஸ்க்ரூ போடும் இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த நீளத்தையே வாங்குங்கள். இரண்டாவது, ஸ்லாட் என்விஎம்இ வகையா சாட்டா வகையா (டிரைவ் லேப்டாப்போடு பேசும் இரு முறைகள்) என்பது. அதிகம் ஏமாறுவது இதில்தான். சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியில், ஸ்லாட்டுக்குள் நுழையும் ஓரத்தின் தங்க நிறப் பின்களின் வரிசையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் ஒன்று. இரண்டு வெட்டு உள்ளது என்விஎம்இ ஸ்லாட்டிலும் கச்சிதமாகப் பொருந்தும், ஸ்க்ரூவும் பிடிக்கும். ஆனால் ஸ்லாட் சாட்டாவை ஏற்காதது என்றால் பயாஸில் டிரைவே தெரியாது. எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்றாவது, சில லேப்டாப்களில் எம்.2 போலவே இருக்கும் இன்னொரு ஸ்லாட் சிம் கார்டு மோடத்துக்கானது. அதில் எஸ்எஸ்டி ஓடும் என்று மேனுவல் சொன்னால் தவிர நம்ப வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா இடம் இருக்கலாம். அதற்கு 7 மி.மீ. தடிமன் எஸ்எஸ்டி சரியாக இருக்கும். டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு கேடி (அதே இடத்தில் பொருந்தும், டிரைவை வைக்கும் தட்டு) போடலாம். கேடி 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரு தடிமனில் வருகிறது. டிவிடி டிரைவை வெளியே இழுத்து அளந்துவிட்டு வாங்குங்கள். டிவிடி இடத்திலிருந்து பூட் ஆக எல்லா பயாஸும் விடுவதில்லை. அப்படியானால் புது எஸ்எஸ்டியை முதன்மை இடத்திலும், டேட்டா மட்டும் உள்ள பழைய ஹார்ட் டிஸ்க்கை கேடியிலும் வைக்க வேண்டியிருக்கும்.

வாங்க வேண்டிய இன்னும் சில: 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, 2 மி.மீ. தடிமன் (எம்2) ஸ்க்ரூ ஒன்று (பல லேப்டாப்களில் காலி ஸ்லாட்டுக்கு ஸ்க்ரூ தரமாட்டார்கள்), சின்னப் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், மூடியை நெம்ப பிளாஸ்டிக் துண்டு. உபுண்டுவுக்கு 256 ஜிபி தாராளம். லினக்ஸில் நிறைய கன்டெய்னர், டேட்டாசெட் என்று வேலை செய்பவருக்கு 512.

விண்டோஸ் பக்கத்தில் முன்வேலை

டேலி டேட்டாவை வெளியே ஒரு பேக்கப் எடுத்துவிட்டுத்தான் மற்ற எல்லாம். அதன்பின் பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்பில், நீங்கள் போடாமலேயே அதன் எளிய வடிவமான டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லாகின் செய்திருந்தால் இன்னும் அதிகம். பயாஸில் கை வைத்தாலே அது 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். கீ இல்லையென்றால் டேட்டா போனது போனதுதான், யாராலும் திறக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரெகவரி கீ பக்கத்துக்குப் போய் அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப்பிலேயே ஃபைலாகச் சேமித்து வைப்பது பெட்டிக்குள் சாவியைப் போட்டுப் பூட்டுவது போல. ப்ரோ பதிப்பு என்றால் வேலை தொடங்குமுன் பிட்லாக்கர் பக்கத்தில் சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி, மேலே மங்கலாக இருப்பதை மாற்ற அனுமதிக்கும் வரியை அழுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுங்கள். இது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதித் தூக்கத்தில் தன் நிலையை டிரைவில் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்து ஒரு ஃபைலை எழுதினால் பார்ட்டிஷன் கெடும்.

இன்ஸ்டால் செய்வதற்கான பென் டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் என்ற புரோகிராம் போதும். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட காலம் அப்டேட் வரும் பதிப்பு) ஐஎஸ்ஓ ஃபைலை உபுண்டுவின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, ரூஃபஸில் பார்ட்டிஷன் வகை ஜிபிடி, டார்கெட் யூஇஎஃப்ஐ என்று வைத்து எழுதுங்கள். இங்கே எம்பிஆர் என்ற பழைய வகையாக விட்டுவிட்டு, லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் பூட் செய்தால் லினக்ஸும் லெகசியாகவே இன்ஸ்டால் ஆகும். புது லேப்டாப்பில் பிறகு அது பூட் மெனுவிலேயே வராது. பல ஐஎஸ்ஓவை ஒரே பென் டிரைவில் வைக்க வென்டாய் என்ற புரோகிராம் நல்லது. ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் பூட் ஆகவிடும் பயாஸ் வசதி) ஆனில் இருந்தால் முதல் தடவை நீலத் திரையில் அதன் கீயைச் சேர்க்கச் சொல்லும்.

டிரைவைக் கழற்றுவது

ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். மூடியைக் கழற்றியதும் கை போக வேண்டிய முதல் இடம் எஸ்எஸ்டி அல்ல, பேட்டரி கனெக்டர். அதை மெல்ல விடுவித்துவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் இறங்கிவிடும். கனெக்டரை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரு ஓரத்திலும் பிளாஸ்டிக் துண்டால் மாறி மாறித் தள்ளினால் தானே வரும்.

எம்.2 ஸ்க்ரூவை எடுத்ததும் டிரைவின் வால்பக்கம் சுமார் 30 டிகிரிக்குத் தானாக எழும்பி நிற்கும். அதே சாய்வில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். படுக்க வைத்து இழுத்தால் ஸ்லாட்டின் மெல்லிய பின்கள் வளையும். புதியதை நுழைக்கும்போதும் அதே சாய்வுதான். பின்களின் தங்க நிறம் மயிரிழைகூட வெளியே தெரியாத வரை தள்ளிவிட்டு, பிறகு அழுத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூ போடுங்கள்.

கடற்கரையை ஒட்டி வீடு இருப்பவர்கள், தேவனாம்பட்டினமோ வைத்திக்குப்பமோ, இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். உப்புக் காற்று பட்ட லேப்டாப்பில் ரேம், எஸ்எஸ்டி பின்களில் வெளுத்த மங்கல் படலம் இருக்கும், ஸ்க்ரூ தலையில் துரு இருக்கும். டிரைவ் ஒருநாள் தெரிகிறது, ஒருநாள் தெரியவில்லை என்ற கோளாறுக்கு இதுவும் காரணமாகலாம். பஞ்சு நுனியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பின்களைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தண்ணீரோ சானிடைசரோ வேண்டாம். சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும், அது ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடிக்கும்.

இப்போது விண்டோஸ் டிரைவ் வெளியே, லினக்ஸ் டிரைவ் அதற்குரிய ஸ்லாட்டில். பேட்டரியை மறக்காமல் இணையுங்கள். இன்ஸ்டால் நடுவே கரண்ட் போவது நம் பக்கத்தில் புதிதல்ல. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் நேராக நம் மேலேயே வந்த ஊர். மழை மாதத்தில் பேட்டரி 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்காதீர்கள். பேட்டரி செத்து, சார்ஜரில் மட்டும் ஓடும் லேப்டாப் என்றால் யூபிஎஸ்ஸில் சொருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

லினக்ஸ் இன்ஸ்டால்

பூட் மெனு வரவைக்க டெல், லெனோவா, ஏசரில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் இந்த மெனுவே பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்; எஃப்2 அழுத்தி உள்ளே போய் எஃப்12 பூட் மெனு என்ற வரியை எனேபிள் செய்ய வேண்டும். மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் பென் டிரைவ் வரியைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் அது ஆனில் இருக்கும்போதே பூட் ஆகும்.

உடனே இன்ஸ்டால் பட்டனை அழுத்தாமல், முதலில் இன்ஸ்டால் செய்யாமல் ஓட்டிப் பார்க்கும் வழியில் வைஃபை, டச்பேட், ஒலி மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். சரி என்றால் இன்ஸ்டாலரைத் திறந்து, டிரைவ் கேட்கும் கட்டத்தில் முழு டிஸ்க்கையும் அழித்து இன்ஸ்டால் செய் என்ற முதல் வழியையே எடுங்கள். இரண்டு டிரைவும் உள்ளே இருக்கும்போது கைநடுக்கம் தரும் அந்த வரி இப்போது பயமற்றது. அழிக்க வேறு எதுவும் உள்ளே இல்லை. கையால் பார்ட்டிஷன் போட விரும்புவோருக்கு: இஎஃப்ஐக்கு ஃபேட்32இல் 1 ஜிபி, மீதி முழுவதும் ஈஎக்ஸ்டி4. ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டாம், உபுண்டு ஃபைலாகவே வைத்துக்கொள்ளும்.

என்விடியா கார்டு உள்ள லேப்டாப்பில் கூடுதல் டிரைவர் போடச் சொன்னால் ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். இது லாகின் பாஸ்வேர்டு அல்ல. முதல் ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்று சில விநாடி மட்டும் வந்து நிற்கும். அதில் என்ரோல் மோக், கன்டின்யூ, யெஸ் என்று போய் அந்தப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். டீ குடிக்கப் போய்விட்டால் திரை தானே கடந்துவிடும், பிறகு என்விடியா டிரைவர் ஏறாது.

லினக்ஸ் தனியாக பூட் ஆனதும் உள்ளே டிஸ்க்ஸ் என்ற ஆப்பைத் திறந்து முதல் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சிஸ்டம் என்று இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் அனைத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்தபின்

அணைத்து, பேட்டரியை விடுவித்து, விண்டோஸ் டிரைவைப் பழைய இடத்திலேயே மாட்டுங்கள். பயாஸில் பூட் வரிசையைத் திறந்தால் விண்டோஸ் பூட் மேனேஜர் ஒன்று, உபுண்டு ஒன்று என இரண்டு வரி தெரிய வேண்டும். டிரைவைக் கழற்றிய இடைவெளியில் சில பயாஸ் விண்டோஸ் வரியை மறந்திருக்கும். பெரும்பாலும் டிரைவ் திரும்ப வந்ததும் தானே கண்டுபிடித்துவிடும். உபுண்டு வரி காணாமல் போயிருந்தால் பயாஸில் புது பூட் ஆப்ஷன் சேர்க்கும் இடத்தில், லினக்ஸ் டிரைவின் இஎஃப்ஐ ஃபோல்டர், அதற்குள் உபுண்டு, அதற்குள் ஷிம் என்று தொடங்கி எக்ஸ்64 என்று முடியும் ஃபைலைக் காட்டுங்கள். ஏசரில் இந்த வசதி மங்கலாக இருந்தால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைத்தபின் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டையும் அதே தாளில் எழுதுங்கள்.

எது அதிகம் ஓடுமோ அதை முதலில் வையுங்கள். கடை லேப்டாப் என்றால் விண்டோஸ். லினக்ஸ் வேண்டும்போது மட்டும் பூட் மெனு. எஃப்12ஐச் சரியான நொடியில் பிடிக்க வரவில்லை என்றால் விண்டோஸின் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகப் போய் யூஸ் எ டிவைஸ் என்பதில் உபுண்டுவைத் தேர்ந்தெடுக்கலாம்.

லினக்ஸ் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் விண்டோஸையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லினக்ஸின் கிரப் வழியாக விண்டோஸைத் திறந்தால் பூட் ஆன பாதை மாறிவிட்டது என்று பிட்லாக்கர் எண்ணி, 48 இலக்கக் கீயைக் கேட்கக்கூடும். கழற்றி மாட்டி இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை மறுபடி முடிச்சுப் போடுவதாகவும் ஆகும்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் லினக்ஸ் டிரைவ் அடையாளம் தெரியாத பார்ட்டிஷனாகத் தெரியும். ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் கேன்சல். வீட்டில் வேறு யாராவது யெஸ் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், இடப்பக்கம் அந்த டிஸ்க்கின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து ஆஃப்லைன் கொடுத்துவிடுங்கள்; விண்டோஸ் அதைத் தொடாது, லினக்ஸ் வழக்கம்போல் பூட் ஆகும்.

கழற்ற முடியாவிட்டால்

வாரன்டி போய்விடும் என்ற கவலை அல்லது டிரைவ் போர்டோடு ஒட்டியிருக்கும் மாடல். டெல் பயாஸில் ஒவ்வொரு டிரைவுக்கும் தனி சுவிட்ச் இருப்பதுண்டு. விண்டோஸ் டிரைவை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்து பிறகு ஆன் செய்யலாம். அதுவும் இல்லையா, உபுண்டு பென் டிரைவில் ஓடும்போது ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் ஆப்பைத் திறந்து, விண்டோஸ் டிரைவின் 100 எம்பி பார்ட்டிஷனில் பூட், ஈஎஸ்பி என்ற இரு கொடிகளின் (ஃப்ளாக்) டிக்கை எடுங்கள். இன்ஸ்டாலர் அதை இஎஃப்ஐயாக அடையாளம் காணாது. இன்ஸ்டாலில் கைமுறை வழியை எடுத்து இரண்டாவது டிரைவில் மட்டும் பார்ட்டிஷன் போடுங்கள். டிரைவ் பெயரையும் அளவையும் மூன்று முறை படியுங்கள். முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்யுமுன், அந்தக் கொடிகளைத் திரும்பப் போட மறந்தால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம்.

ஒரே ஸ்லாட் உள்ள லேப்டாப்புக்கு வெளி எஸ்எஸ்டி இருக்கிறது. லினக்ஸ் யூஎஸ்பி எஸ்எஸ்டியிலும் முழுதாக இன்ஸ்டால் ஆகும். விண்டோஸ் இன்ஸ்டாலர் யூஎஸ்பி டிரைவை ஏற்காது. ஆகவே விண்டோஸ் உள்ளே, லினக்ஸ் வெளியே. பென் டிரைவில் போடாதீர்கள், அடிக்கடி எழுதும் வேலையில் அது சீக்கிரம் செத்துவிடும்.

வரும் கோளாறுகள்

இன்ஸ்டாலரில் டிரைவே தெரியவில்லை. இன்டெல் லேப்டாப்பில் பயாஸின் ஸ்டோரேஜ் பகுதி ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். அதை ஏஎச்சிஐ ஆக்கினால் லினக்ஸுக்குத் தெரியும், ஆனால் அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். முறை இது: விண்டோஸ் டிரைவை மாட்டிய நிலையில், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் புரோகிராமைத் திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட் டிக் செய்து ரீஸ்டார்ட், நேராக பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ, விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை திறந்து தனக்கு வேண்டிய டிரைவரை எடுத்துக்கொள்ளும், பிறகு டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். டிரைவ் ஏற்கெனவே தெரிகிறது என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பு. காலை 10 மணிக்கு லினக்ஸை மூடி விண்டோஸ் திறந்தால் 4:30 காட்டும். லேப்டாப்பின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால் வருவது. பில்லில் நேரம் தப்பாக விழும், பேங்க் தளம் திறக்காமல் அடம்பிடிக்கும். உடனடிக்கு, விண்டோஸ் நேர செட்டிங்ஸில் சிங்க் நவ். நிரந்தரமாக, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், டைம் ஸோன் இன்ஃபர்மேஷன் வரை போய், ரியல் டைம் இஸ் யுனிவர்சல் என்ற நான்கு சொல்லை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி ஒரு டிவேர்டு உருவாக்கி மதிப்பு 1 கொடுங்கள்.

தனி டிரைவ் காப்பாற்றாத ஒரு கோளாறும் உண்டு. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பல லேப்டாப்களில் லினக்ஸ் பூட் ஆகாமல், திரையில் ஷிம், எஸ்பாட், பாலிசி வயலேஷன் என்று ஏதோ ஒரு செய்தி காட்டி அணைந்துபோனது. அந்த அப்டேட் மாற்றியது டிரைவில் உள்ளதை அல்ல, மதர்போர்டில் உள்ள செக்யூர் பூட் நினைவை. அதனால்தான் எந்த டிரைவில் லினக்ஸ் இருந்தாலும் பாதித்தது. பழைய ஐஎஸ்ஓ எழுதிய பென் டிரைவும் இதே செய்தியோடு நிற்கலாம்; புது ஐஎஸ்ஓ எழுதினால் சரியாகும். இன்ஸ்டால் ஆன லினக்ஸ் நின்றால், ரெகவரி கீ தாளை அருகில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் எல்லா அப்டேட்டையும் போட்டு, திரும்ப ஆன் செய்யுங்கள்.

பின்னாளில் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட வேண்டி வந்தால் அதே விதி தலைகீழாக: லினக்ஸ் டிரைவை வெளியே எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கடையில் கொடுத்துப் போடுவதாக இருந்தால் டிரைவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு லேப்டாப்பை மட்டும் கொடுங்கள். ஸ்க்ரூவை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு டிரைவோடு ஒட்டி வையுங்கள்.